இ-டைப் இன்ஜினைப் பிரித்தால் கிராங்கை விட்டுவிடாதீர்கள்

1961-ல் வந்த ஜாகுவார் இ-டைப்பின் 3.8 லிட்டர் இன்ஜினில் சிலிண்டர்கள் உள்ள பிளாக் இரும்பு, அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம். ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் மரைக்கம்பிகளான ஸ்டட்களைச் சுற்றி அரித்து ஹெட் இறுகிக் கிடக்கும். துருநீக்கி எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறட்டும், நெம்பவே வேண்டாம்.

அப்புறம் கிராங்க், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. அதன் ஆயில் துளைகளை மூடியிருக்கும் ஆலன் பிளக்குகளை (அறுகோணக் குழியுள்ள திருகு மூடிகள்) தொடாமல், பட்டறையில் ஜர்னலை (பேரிங்கில் சுழலும் பகுதி) மட்டும் கிரைண்ட் செய்து கொடுத்துவிடுவார்கள், ஆனால் பல வருடக் கசடு அதற்குள்தான் கெட்டித்துக் கிடக்கிறது, அது கிளம்பினால் புது பேரிங் போச்சு. லேசாகச் சூடு காட்டிக் கழற்றுங்கள், ஆறியதும் மண்ணெண்ணெய், பிரஷ், காற்று என்று துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை விடாதீர்கள். புது பிளக் போட்டு, கழன்று வராதபடி ஓரத்தில் பஞ்ச் வைத்து ஒரு தட்டு.

ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான கேம் இரண்டும் இருக்கும்போது ஒன்றை மட்டும் சுற்றாதீர்கள், வால்வுகள் மோதி வளைந்துவிடும். வால்வு இடைவெளியை ஒவ்வொரு கேமாகப் போட்டே பாருங்கள்.