வெப்பம் தாங்கும் நொதியை உருவாக்குவது எப்படி? படிப்படியாக ஒரு செய்முறை

சலவைத்தூள் பாக்கெட்டுகளில் ‘என்சைம் கலந்தது’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகளை வெட்டித் துண்டாக்க அதில் சேர்க்கப்படும் நொதிகளில் முக்கியமானது சப்டிலிசின். மண்ணில் வாழும் பாசில்லஸ் வகை பாக்டீரியாக்கள், சுற்றியிருக்கும் புரதத்தைச் செரித்து உண்பதற்காக இதைச் சுரக்கின்றன. வெந்நீரையும் வெளுப்பானையும் தாங்க வேண்டிய தேவை மண்ணில் இதற்கு வந்ததில்லை. அந்தத் திறனை மனிதர்கள்தான் இதற்குள் கொண்டுவந்தார்கள்.

அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். பிளஸ் டூ உயிரியல் நினைவிருந்தால் போதும். நமது இலக்கு: பாசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் சப்டிலிசின் ஈ என்ற நொதியை அதிக வெப்பம் தாங்குமாறு மாற்றுவது. இது கற்பனைப் பயிற்சி அல்ல. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் பிரான்சிஸ் ஆர்னால்டின் குழு இதைச் செய்து 1999இல் வெளியிட்டது. நொதிகளின் நெறிப்படுத்திய பரிணாமத்துக்காக அவருக்கு 2018ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

முறை இதுதான்: மரபணுவில் தற்செயலான பிழைகளை உண்டாக்கு, பிறக்கும் நொதிகளைச் சோதி, சிறந்ததை எடுத்து மீண்டும் பிழைகளை உண்டாக்கு. நல்ல கதிரைப் பார்த்து விதைநெல்லுக்கு எடுத்துவைக்கும் அதே வேலை, சோதனைக் குழாயில் நடக்கிறது.

பாடநூல்கள் மரபணுவில் தொடங்கும். நான் சோதனையில் தொடங்குகிறேன். மாற்றங்களை உண்டாக்குவது ஒரு மதிய நேர வேலை. ஆயிரம் மாற்றங்களில் நல்லது எது என்று சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

படி 1: நொதி வேலை செய்வதைக் கண்ணால் பாருங்கள்

இந்த ஒரு படியை வீட்டில் செய்யலாம். மளிகைக் கடையில் கிடைக்கும் கடல்பாசி 1.5 கிராம் எடுத்து 100 மில்லி தண்ணீரில் முழுவதும் கரையும்வரை கொதிக்க வையுங்கள். கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 1 கிராமைச் சிறிது வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சூடு சற்றுத் தணிந்த கடல்பாசிக் கரைசலில் கலக்குங்கள். தட்டையான மூடிகளில் ஊற்றினால் வெண்மையாக உறையும். கொழுப்புள்ள பால்பவுடர் வேண்டாம். புரதம் கரைந்த பிறகும் கொழுப்பின் வெண்மை நின்று உங்களைக் குழப்பும்.

உறைந்த பரப்பில் ஸ்ட்ராவால் மூன்று குழிகள் எடுங்கள். ஒன்றில் நொதி உள்ள சலவைத்தூளின் கரைசல். இன்னொன்றில் அதே கரைசலைக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து ஆறவிட்டது. மூன்றாவதில் வெறும் தண்ணீர். மூடிவைத்து மறுநாள் பாருங்கள். நொதி இருந்த குழியைச் சுற்றி வெண்மை கரைந்து தெளிவான வளையம் தெரிய வேண்டும். அங்கிருந்த கேசின் புரதம் வெட்டப்பட்டுவிட்டது.

கொதிக்க வைத்த கரைசல் எதற்கு? சலவைத்தூளில் சோப்புப் பொருட்களும் காரமும் உண்டு. அவையே வெண்மையைக் கொஞ்சம் குறைக்கக்கூடும். கொதித்தபின் நொதி செயலிழந்துவிடும், மற்றவை அப்படியே இருக்கும். இரண்டு வளையங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் நொதியின் வேலை. இந்த ஒப்பீட்டுக் குழியைத் தவிர்த்துவிட்டு யாராவது முடிவு சொன்னால் நம்பாதீர்கள். அன்னாசிச் சாற்றையும் சோதித்துப் பார்க்க ஆசை வரும். அதன் புளிப்பு கேசினைத் திரிய வைத்து வெண்மையைக் கூட்டிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நொதி கலந்த தூள் மூக்கில் ஏற விடாதீர்கள். 1960களின் இறுதியில் சலவைத்தூள் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இதனால் ஆஸ்துமா வந்தது தெரியவந்தது. அதன் பிறகே நொதியை மெழுகு போன்ற உறையிட்ட குருணைகளாகச் செய்யும் வழக்கம் ஏற்பட்டது.

படி 2: நொதியின் வரைபடத்தைப் படியுங்கள்

கணினி போதும். பி.டி.பி. என்ற புரதக் கட்டமைப்புத் தரவுத்தளத்தைத் திறந்து சப்டிலிசின் என்று ஆங்கிலத்தில் தேடினால் முப்பரிமாண வடிவங்கள் வரும். உலாவியிலேயே சுழற்றிப் பார்க்கலாம். சப்டிலிசின் ஈ 275 அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 32ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம், 64ஆம் இடத்து ஹிஸ்டிடின், 221ஆம் இடத்து செரின் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் புரதத்தை வெட்டுகின்றன. சங்கிலியில் தொலைவில் இருக்கும் மூன்றும், மடிந்த வடிவத்தில் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதைப் பாருங்கள். கால்சியம் அயனிகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்றும் பாருங்கள். இந்த நொதியின் உறுதிக்கு அவை அவசியம்.

யூனிபுராட் தரவுத்தளத்தில் இதே நொதியைத் தேடினால் நீளம் 381 என்று இருக்கும். செரின் 327ஆம் இடத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். முதல் 106 அமினோ அமிலங்கள் பிறகு வெட்டி நீக்கப்படுபவை. அவற்றில் முதல் 29, நொதியைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் முகவரிச் சீட்டு. அடுத்த 77, நொதி சரியாக மடிய உதவும் பகுதி. கட்டுரைகள் பெரும்பாலும் முதிர்ந்த நொதியின் எண்ணையே பயன்படுத்துகின்றன. எந்த எண் வரிசையில் பேசுகிறோம் என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த 106 வித்தியாசம் தவறான இடத்தில் மாற்றம் செய்ய வைக்கும்.

படி 3: மரபணுவும் அதைச் சுமக்கும் நுண்ணுயிரும்

இனி வருபவை வீட்டுக்கானவை அல்ல. இந்தியாவில் மரபணு மாற்ற வேலைகளுக்கு நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் மேற்பார்வை வேண்டும். கல்லூரியின் உயிரித் தொழில்நுட்பத் துறை சரியான இடம்.

மரபணுவை ஒரு பிளாஸ்மிட்டில் வைத்து பாசில்லஸ் சப்டிலிஸுக்குள்ளேயே செலுத்துவது நல்லது. ஈ.கோலையைவிட இது ஏன் மேல் என்றால், பாசில்லஸ் நொதியைத் தானாகவே வெளியே சுரந்துவிடும். செல்லை உடைக்க வேண்டியதில்லை. ஆனால் பாசில்லஸுக்குச் சொந்தமாகவே பல புரத வெட்டி நொதிகள் உண்டு. அவை இருந்தால் எல்லாக் குழியிலும் வளையம் வரும். அதனால் அவற்றின் மரபணுக்கள் நீக்கப்பட்ட வகையைப் பயன்படுத்துங்கள். டபிள்யூ.பி.600 என்ற வகையில் செல்லுக்கு வெளியே செயல்படும் 6 புரத வெட்டிகள் நீக்கப்பட்டிருக்கின்றன.

மடிய உதவும் 77 அமினோ அமிலப் பகுதியை வெட்டிவிட்டு முதிர்ந்த பகுதியை மட்டும் வைத்தால் வேலை செய்யும் நொதி கிடைக்காது. முழு மரபணுவும் வேண்டும்.

படி 4: பிழைகளை உண்டாக்குங்கள்

பிழை மிகுந்த பி.சி.ஆர். என்பது இதற்கான எளிய வழி. டி.என்.ஏ.வை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸுக்குப் பிழை திருத்தும் திறன் இல்லை. அதற்கு மாங்கனீசு அயனியைக் கொடுத்து, மெக்னீசியத்தைக் கூட்டி, நான்கு நியூக்ளியோடைடுகளின் அளவைச் சமமற்றதாக்கினால் இன்னும் அதிகமாகத் தவறு செய்யும். 1992இல் வெளியான செந்தரச் செய்முறையில் மெக்னீசியம் 7 மில்லிமோலார், மாங்கனீசு 0.5 மில்லிமோலார்; சி, டி இரண்டும் 1 மில்லிமோலார், ஏ, ஜி இரண்டும் 0.2 மில்லிமோலார்.

எவ்வளவு பிழை வேண்டும்? ஒரு மரபணுவுக்கு ஒன்று அல்லது இரண்டு அமினோ அமிலங்கள் மாறினால் போதும். தற்செயலாக ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் புரதம் கெட்டுவிடும். மாற்றங்களைக் கூட்டக் கூட்ட, நல்ல மாற்றம் கெட்டதோடு சேர்ந்து புதைந்துபோகும்.

கணக்கையும் பாருங்கள். 275 இடங்களில் ஒவ்வொன்றையும் மற்ற 19 அமினோ அமிலங்களாக மாற்றினால் 5,225 வகைகள். இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் மாற்றினால் 1 கோடியே 36 லட்சத்துக்கு மேல். ஒற்றை மாற்றங்களைத் தேடித் தீர்க்கலாம். இரட்டையைத் தீர்க்கவே முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மாற்றி, வென்றதன்மேல் அடுத்ததை ஏற்றுவது இதனால்தான்.

இப்படிப் பிறந்த வகைகளின் தொகுப்பை நூலகம் என்பார்கள். அதைச் சோதிக்கும் முன் ஐந்தாறு காலனிகளின் டி.என்.ஏ. வரிசையைப் படித்துவிடுங்கள். பிழையே இல்லாத நூலகத்தைச் சோதித்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைவிட அந்தச் செலவு குறைவு.

படி 5: சலித்தெடுங்கள்

முதலில் பால் கலந்த ஆகர் தட்டில் காலனிகளை வளருங்கள். வளையமே இல்லாதவை செத்த நொதிகள், விட்டுவிடலாம். வளையத்தின் அளவை வைத்து ‘இதுதான் சிறந்தது’ என்று முடிவு செய்யாதீர்கள். காலனி பெரிதாக இருந்தாலும் வளையம் பெரிதாகும்.

உண்மையான அளவீடு 96 குழித் தட்டில் நடக்கும். நான் பரிந்துரைப்பது: 84 குழிகளில் புதிய வகைகள், 8இல் மாற்றமில்லாத மூல நொதி, 4இல் நொதியில்லாத வகை. மூல நொதியை ஒரே வரிசையில் அடுக்காமல் தட்டு முழுவதும் பரப்புங்கள். ஓரக் குழிகளில் நீர் சீக்கிரம் ஆவியாகும்; அந்தப் பாரபட்சம் அப்போதுதான் தெரியவரும். வெட்டினால் மஞ்சள் நிறம் விடும் ஒரு சிறு பெப்டைடைச் சேர்த்து, நிறம் ஏறும் வேகத்தைத் தட்டு அளவியில் 405 நானோமீட்டரில் பாருங்கள்.

ஒவ்வொரு குழியையும் இரண்டு முறை அளக்க வேண்டும்: சூடாக்கும் முன், சூடாக்கிய பின். எடுத்துக்காட்டுக்கு, மூல நொதி முன்னே 0.40, பின்னே 0.12 காட்டுகிறது என்று வைப்போம். மீந்த செயல்பாடு 30 சதவீதம். வகை அ: முன்னே 0.80, பின்னே 0.24. பின்னளவை மட்டும் பார்த்தால் இரட்டிப்பு வெற்றி! ஆனால் விகிதம் அதே 30 சதவீதம். அந்தச் செல் நொதியை அதிகமாகச் சுரந்திருக்கிறது, அவ்வளவுதான். வகை ஆ: முன்னே 0.36, பின்னே 0.27. விகிதம் 75 சதவீதம். நாம் தேடியது இதுதான். இரண்டு அளவுகளை வகுத்துப் பார்க்கும் இந்தச் சிறு யோசனையால் சுரப்பின் ஏற்றத்தாழ்வு கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த அழகான விஷயம் இது.

சூடாக்கும் வெப்பநிலையை, மூல நொதியின் செயல்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்படி தேர்ந்தெடுங்கள். எல்லாம் செத்தாலும் எல்லாம் பிழைத்தாலும் வேறுபாடு தெரியாது. கால்சியம் எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு இருக்கட்டும். சப்டிலிசின் தன் இனத்தையே வெட்டித் தின்னும் நொதி என்பதால் சூடாக்கும் நேரத்தையும் நிமிடக் கணக்கில் கட்டுப்படுத்துங்கள்.

மூல நொதியின் 8 குழிகளும் ஒன்றுக்கொன்று 15 சதவீதம் மாறுபட்டால், 20 சதவீத முன்னேற்றம் காட்டும் வகையை நம்ப முடியாது. முதல் பத்து இடங்களில் வந்தவற்றைப் புதிதாக வளர்த்துத் திரும்ப அளவிடுங்கள். பாதி உதிர்ந்துவிடும், அது இயல்பு.

எதைச் சோதிக்கிறாயோ அதுதான் கிடைக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் விதி. வெப்பம் தாங்குவதை மட்டும் தேடினால், விறைத்துப்போய் சாதாரண வெப்பத்தில் சோம்பலாக வேலை செய்யும் நொதி வந்து நிற்கும். முன்னளவு மூல நொதியைவிடக் குறையக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே சலியுங்கள்.

படி 6: வென்றவற்றைக் கலந்து, மறுபடியும்

ஒரு சுற்றில் நான்கைந்து நல்ல மாற்றங்கள் தனித்தனி வகைகளில் கிடைக்கும். அவற்றை ஒன்றுசேர்க்க, மரபணுக்களைத் துண்டாக்கி மறுபடி இணையவிடும் டி.என்.ஏ. கலப்பு முறையை 1994இல் வில்லம் ஸ்டெம்மர் கொண்டுவந்தார். சேர்ந்ததில் சிறந்ததை எடுத்து, வெப்பநிலையை ஏற்றி, அடுத்த சுற்று.

ஆர்னால்டு குழு 5 தலைமுறைகளில் 8 அமினோ அமில மாற்றங்களோடு நிறுத்தியது. நொதி மிகச் சிறப்பாக வேலை செய்யும் வெப்பநிலை 17 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. 65 டிகிரியில் அரைவாழ்வு 200 மடங்குக்கு மேல் நீண்டது. வெப்பத்தை விரும்பும் ஒரு பாக்டீரியாவில் உள்ள தெர்மிடேஸ் என்ற உறவுக்கார நொதிக்கு இணையானது. இயற்கையில் அந்த இரண்டுக்கும் இடையே 157 இடங்களில் வேறுபாடு உண்டு, தேவைப்பட்டதோ 8.

படி 7: ஒரே இடத்தைக் குடைந்து பார்ப்பது

பிழை மிகுந்த பி.சி.ஆருக்கு ஒரு குறை உண்டு. ஒரு கோடானில் ஓர் எழுத்து மட்டும் மாறினால் 19 மாற்றங்களில் ஆறேழுதான் கிடைக்கும். முக்கியமான இடம் எது என்று தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் இருபதையும் வைத்துப் பார்க்கலாம். என்.என்.கே. என்ற கோடான் கலவையில் 32 கோடான்கள், 20 அமினோ அமிலங்களும் அடக்கம். நூறு காலனி எடுத்தால் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். ஒரு தட்டின் வேலை.

சப்டிலிசினின் வெளுப்பான் பிரச்சினை இப்படித்தான் தீர்ந்தது. செரினுக்குப் பக்கத்தில் 222ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனினை ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்சிஜனேற்றிவிடும், நொதி படுத்துவிடும். ஜெனென்கார், ஜெனென்டெக் ஆய்வாளர்கள் 1985இல் அங்கே மற்ற 19 அமினோ அமிலங்களையும் வைத்துப் பார்த்தார்கள். சிஸ்டீன் வைத்ததில் செயல்பாடு மூல நொதியைவிடவும் கூடியது. ஆனால் பெராக்சைடு அதையும் சாய்த்தது. அலனின், செரின், லூசின் ஆகியவை செயல்பாட்டில் பின்தங்கினாலும் 1 மோலார் பெராக்சைடைத் தாங்கி நின்றன. வேகத்தைக் கொஞ்சம் கொடுத்து ஆயுளை வாங்கிக்கொண்டார்கள்.

எப்போது நிறுத்துவது?

தொழிற்சாலை கேட்டதை நொதி கொடுக்கும்போது. மருந்துத் துறையில் அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதற்குச் சிடாகிளிப்டின் நல்ல சான்று. நம் வீடுகளில் பலர் தினமும் விழுங்கும் சர்க்கரை மாத்திரை அது. முன்பு அதன் தயாரிப்பில் ரோடியம் உலோக வினையூக்கியும் உயர் அழுத்த ஹைட்ரஜனும் தேவைப்பட்டன. மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்கள் அந்த இடத்தில் ஒரு டிரான்ஸ்அமினேஸ் நொதியை வைக்க நினைத்தன. தொடக்க நொதிக்கு அந்த மூலக்கூறு உள்ளே நுழையவே இடமில்லை. முதலில் கணினி உதவியோடு உள்ளறையைப் பெரிதாக்கினார்கள். பிறகு சுற்றுமேல் சுற்றாகப் பரிணாமம். 2010இல் வெளியானபோது 27 அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. பாதியளவு டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பான் கலந்த கரைசலில், லிட்டருக்கு 200 கிராம் மூலப்பொருளை அந்த நொதி மாற்றியது. இடவல வடிவங்களில் தேவையான ஒன்று மட்டும் 99.95 சதவீதத்துக்கு மேல் தூய்மையாக வந்தது.

உங்கள் முதல் முயற்சிக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு சுற்று, ஆயிரம் காலனி, இரண்டு மடங்கு முன்னேற்றம்; ஒரு மாணவரின் ஓராண்டுத் திட்டத்துக்கு அது நிறைவான இலக்கு. ஒவ்வொரு சுற்றின் வெற்றியாளரையும் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்து, குப்பியின்மேல் தேதியும் மாற்றங்களின் பெயரும் எழுதிவிடுங்கள். அடுத்த சுற்று அந்தக் குப்பியிலிருந்துதான் தொடங்கும்.