பிள்ளைகளுக்கு விஞ்ஞானிகளின் கதை எழுதும்போது செய்யக்கூடாதவை

சி.வி. ராமனின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்காக எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் எழுதுவது ஒன்றுதான். 1888-ல் திருச்சியில் பிறந்தார், சின்ன வயதிலேயே படிப்பில் கெட்டி, 1930-ல் நோபல் பரிசு வாங்கினார். நடுவில் 'ராமன் விளைவு' என்று ஒரு சொல் எட்டிப் பார்க்கும். அது என்னவென்று ஒரு வரிகூட இருக்காது. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, "சரி, அவர் என்னதான் கண்டுபிடித்தார்?" என்று கேட்டால் வாசித்துக் காட்டுபவர் முழிக்க வேண்டியதுதான். என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான்.

"பத்து வயதில் அதெல்லாம் புரியாது" என்பார்கள். புரியும். கல்கத்தாவில் பவ்பஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். வெயிலைத் தொலைநோக்கி வில்லையால் குவித்து, நீல-ஊதாக் கண்ணாடி ஒன்றின் வழியாக ஒரு திரவத்துக்குள் விட்டார்கள். திரவத்தில் பட்டுச் சிதறிய ஒளியை மஞ்சள்-பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். முதல் கண்ணாடி விட்ட ஒளியை இரண்டாவது கண்ணாடி விடாது. அதனால் இருட்டாகத்தான் தெரிய வேண்டும். ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அப்படியானால் திரவத்துக்குள் போன ஒளியில் ஒரு துளி நிறம் மாறி வெளியே வந்திருக்கிறது! இதுதான் ராமன் விளைவு. இந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

இதே கதையில் இன்னொரு தவறும் வழக்கமாக நடக்கிறது. "கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தார், உடனே கண்டுபிடித்தார்" என்று முடித்துவிடுகிறார்கள். கப்பல் பயணம் 1921-ல். கண்டுபிடிப்பு 1928 பிப்ரவரியில். நடுவில் இருந்த ஏழு வருட உழைப்பு எங்கே போனது? வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் அந்தச் சோதனைகளில் ராமனோடு நின்றவர். அவர் பெயரையும் விட்டுவிடுகிறார்கள்.

தோல்வியை மறைப்பது அடுத்தது. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிக் கடலில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். மறுவருடம் ஜூலை 18-ல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை மேலே கொண்டுபோனது. அப்போது தவன், கலாமையே பேசச் சொல்லி அனுப்பினார். கலாம் இதைப் பல மேடைகளில் தானே சொன்னவர். வெற்றியை மட்டும் எழுதினால் தவனும் காணாமல் போவார், ராக்கெட்டைக் கட்டிய நூற்றுக்கணக்கானவர்களும் காணாமல் போவார்கள்.

காதில் விழுந்ததை எல்லாம் எழுதாதீர்கள். ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயில் ஆனார் என்பது பொய். 16 வயதில் சூரிச் பாலிடெக்னிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் அவர் தேறவில்லை, உண்மைதான்; ஆனால் அதிலும் கணக்கும் இயற்பியலும் நன்றாகவே எழுதியிருந்தார்.

கடைசியாக, எழுதுபவர்கள் தயங்கும் இடம். 1933-ல், பின்னாளில் உயிர்வேதியியல் விஞ்ஞானியான கமலா சோஹோனி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் இயக்குநராக இருந்த ராமன் மறுத்தார். கமலா விடாமல் நேரில் போய் நின்று வாதாடினார். நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. அவர் வேலையைப் பார்த்த பிறகு ராமன் மனம் மாறி, மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். 1939-ல் கமலா கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். ராமனைப் பற்றிய புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவருடைய கண்டுபிடிப்பு அதனால் ஒரு துளியும் குறையாது. வாசிக்கும் பெண் பிள்ளைக்கு கமலாவும் அறிமுகமாகிவிடுவார்.