கிரியாட்டினின் நார்மல்தான், ஆனால் கிட்னி?

பொள்ளாச்சியில் ஒரு சின்ன லேபில் பத்தொன்பது வருடமாக ரத்தம் எடுக்கிறேன். சர்க்கரைக்காரர்கள் ரிப்போர்ட்டை வாங்கியதும் முதலில் தேடுவது தடித்த எழுத்தைத்தான். அது இல்லையென்றால் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். என் பெரியம்மாவும் அப்படித்தான். வயது 64, சர்க்கரை வந்து 14 வருடம். வேறொரு லேபில் எடுத்த ரிப்போர்ட்டை நீட்டி, "கிட்னியெல்லாம் நல்லாத்தானே கண்ணு இருக்குது?" என்றார். சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் 1.1. பக்கத்தில் அச்சிட்டிருந்த நார்மல் அளவு 0.6 முதல் 1.1 வரை.

பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டேன். பீரோவிலிருந்து எடுத்து வந்தார். 61 வயதில் 0.8, 63இல் 0.9, இப்போது 1.1. மூன்றுமே நார்மல். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள்: பழைய தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, கிரியாட்டினினை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அச்சிட்ட அளவோடு ஒப்பிடுவதைவிட உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் முக்கியம்.

அடுத்து அந்த எண்ணை ஈ.ஜி.எஃப்.ஆர். ஆக மாற்ற வேண்டும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தை வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு அது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 2021இல் வந்த சி.கே.டி.-எபி சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். பெரியம்மாவின் 0.8 என்பது 84, 0.9 என்பது 72, 1.1 என்பது 56. இது 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று கணக்கு. ஒரே 1.0 கிரியாட்டினின் 30 வயது ஆணுக்கு 104, 60 வயதுப் பெண்ணுக்கு 64. உங்கள் ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். அச்சாகவில்லை என்றால் லேபில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை வற்றிய வயதானவர்களுக்கு அது குறைவாகவே வரும், கிட்னி நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அங்கேதான் சிஸ்டாடின் சி உதவுகிறது. இது தசையை நம்பி இருப்பதில்லை, உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் சுரக்கும் சின்னப் புரதம். வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, புகைப்பழக்கம், உடல் பருமன் இருந்தால் இந்த எண்ணும் மாறும், அதனால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கிரியாட்டினினையும் சிஸ்டாடினையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் நம்பகமானது. பெரியம்மாவுக்குச் சிஸ்டாடின் 1.3, சேர்த்த கணக்கில் 54. சந்தேகம் தீர்ந்தது.

ரத்தம் மட்டும் போதாது. பலருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். இறங்கும் முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிய ஆரம்பித்துவிடும். சாதாரண யூரின் டெஸ்டில் "ஆல்புமின் நில்" என்று இருப்பதை நம்பி உட்காராதீர்கள், அதில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை சிறிய கசிவைக் காட்டாது. "மைக்ரோ ஆல்புமின், கிரியாட்டினின் விகிதம்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். காலையில் போகும் முதல் சிறுநீர் நல்லது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் கவனம் தேவை. ஆனால் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி, மாதவிலக்கு இருந்தாலும் கூடும். அதனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை எடுத்து, இரண்டு முறை கூடினால்தான் உறுதி. டைப் 2 என்றால் சர்க்கரை தெரிந்த அன்றே தொடங்கி வருடா வருடம், டைப் 1 என்றால் ஐந்து வருடம் கழித்து.

ஞாயிறு ராத்திரி ஆட்டுக்கறி, திங்கள் காலை ரத்தம். இது நான் வாரா வாரம் பார்ப்பது. சமைத்த இறைச்சி கிரியாட்டினினைத் தற்காலிகமாக ஏற்றும், ஜிம்மில் குடிக்கும் கிரியாட்டின் பவுடரும் அப்படியே. தொற்றுக்கு வாங்கும் கோ-ட்ரைமாக்சசோல் கிட்னியைக் கெடுக்காமலே எண்ணை மட்டும் உயர்த்தலாம். மூட்டுவலிக்கு நீங்களே வாங்கிப் போடும் மாத்திரைகளோ உண்மையிலேயே கெடுக்கலாம். எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

புதிய குறியீடுகளும் வருகின்றன. டி.என்.எஃப். ஏற்பி 1, ஏற்பி 2, கிம்-1 என்ற மூன்று ரத்தப் புரதங்களை நோயாளியின் மற்ற விவரங்களோடு சேர்த்துக் கணக்கிடும் சோதனைக்கு 2023இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஏற்கெனவே ஆரம்பநிலைப் பாதிப்புள்ள டைப் 2 நோயாளிகளில் யாருக்கு வேகமாக மோசமாகும் என்று கணிக்க அது. எங்கள் லேபுக்கு அப்படி ஒரு சீட்டு இன்னும் வந்ததில்லை. இப்போதைக்கு கிரியாட்டினின், சிஸ்டாடின் சி, சிறுநீர் ஆல்புமின் விகிதம் என்ற மூன்றையும் ஒழுங்காக எடுத்தாலே நிறையப் பேரை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

மூன்று மாதம் கழித்து எடுத்தபோதும் பெரியம்மாவுக்குக் கிரியாட்டினின் 1.1தான். டாக்டர் சர்க்கரையோடு கிட்னியையும் பாதுகாக்கும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையைச் சேர்த்தார். ஆறு வாரத்தில் 1.2 ஆனது. ஆரம்பத்தில் இப்படிக் கொஞ்சம் ஏறும், பயந்து நிறுத்த வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் மாத்திரையை விடவில்லை. அடுத்த ரத்தம் எடுக்கும் தேதியைச் சமையலறை காலண்டரில் வட்டமிட்டு, முந்தின நாள் கட்டத்தில் "கறி வேண்டாம்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.