பெயர், ஆண்டு, அடைப்புக்குறி: கட்டுரைக்குள் மேற்கோள் காட்டும் முறை

ஆய்வுக் கட்டுரையில் யாருடைய கருத்தை எடுத்தாலும் அந்த இடத்திலேயே அவர் பெயரையும் ஆண்டையும் போட்டுவிடுங்கள், அடிக்குறிப்புக்கு ஓட வேண்டியதில்லை. ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் பாணியில் (டார்வின், 1859) என்று வரும். சிகாகோ பாணிக் கையேட்டின் ஆசிரியர்-ஆண்டு முறையில் காற்புள்ளி இல்லாமல் (டார்வின் 1859). பெயர் வாக்கியத்திலேயே வந்துவிட்டதா? சரி, அப்போது "டார்வின் (1859) சொல்வதுபோல" என்று ஆண்டை மட்டும் அடைப்புக்குள் வையுங்கள். வார்த்தை மாறாமல் எடுத்தால் பக்க எண்ணும் வேண்டும்.

மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால்தான் குழப்பம். 2019இல் வந்த ஏபிஏ 7ஆம் பதிப்புப்படி முதல் தடவையிலிருந்தே முதல் ஆசிரியர் பெயரோடு "மற்றும் பிறர்" போட்டால் போதும். 6ஆம் பதிப்பில் ஐந்து பேர் வரை முதல் தடவை எல்லோரையும் எழுத வேண்டியிருந்தது, அந்தப் பழைய வழிகாட்டி இன்னும் பலர் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறது (என் கையிலும் இருந்தது, இரண்டு அத்தியாயம் திருத்தினேன்).

ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரை எழுதியிருந்தால் 2020அ, 2020ஆ என்று பிரியுங்கள். ஏபிஏவில் இந்த எழுத்து தலைப்பின் அகரவரிசைப்படி வரும், உங்கள் கட்டுரையில் எது முதலில் வருகிறது என்பதைப் பொறுத்து அல்ல.

மூல நூலைப் படிக்காமல் வேறொருவர் வழியாக எடுத்தீர்களா? அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள்: "இன்னாரில் மேற்கோள் காட்டப்பட்டபடி". கட்டுரையின் கடைசியில் வரும் நூற்பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டும்தான் வரும். அப்புறம், சமர்ப்பிக்கும் முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் கடைசிப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள், மென்பொருள் போட்டதாக இருந்தாலும்.