வாக்கி டாக்கியில் ஆங்கிலம்: தேசிய சேவைக்குப் போகும் தம்பிகளுக்கு

சிங்கப்பூரில் 18 வயதில் தேசிய சேவைக்கு (ராணுவம், போலீஸ் போன்றவற்றில் கட்டாயப் பணி) போகப்போகிறீர்கள், வீட்டில் முழுக்கத் தமிழ்தான் என்றால் இது உங்களுக்குத்தான்.

அணிவகுப்பில் 'செனாங் டிரி' (கால்களை அகட்டி இயல்பாக நில்) என்று மலாயில்தான் கட்டளை வரும். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் செய்துவிடலாம். வாக்கி டாக்கியில் அது முடியாது. முகம் தெரியாது, சைகை கிடையாது, இரைச்சல் வேறு. அதனால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

முதலில் எழுத்துகள். 'பி' என்று தமிழில் எழுதினால் அது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தா, பதினாறாம் எழுத்தா? நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து, உதடும் அப்படியே பழகியிருக்கிறது. 'டி'யும் அப்படித்தான். இந்த மாதிரிக் குழப்பம் எல்லா மொழிக்காரர்களுக்கும் உண்டு. அதற்காகத்தான் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று 26 சொற்கள், 1956 முதல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டாம் எழுத்து பிராவோ, பதினாறாவது பாப்பா. சாயங்காலம் புளோக்குக்குக் கீழே கார் பார்க்கில் நடந்துகொண்டே நம்பர் பிளேட்டுகளைப் படியுங்கள்: சியரா, நவம்பர், பாப்பா. வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனதுக்குள் படித்தால் உதடு பழகாது.

அப்புறம் எண்கள். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், ஊரில் போன் நம்பர் சொல்வது போல 'டபுள் ஃபைவ்' வேண்டாம். இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்கும், அதனால் ஒன்பதை 'நைனர்' என்பார்கள்.

கடினமானது வாக்கியம். "லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெரியவர் மயங்கிக் கிடக்கிறார்" என்று தமிழில் யோசித்தால் விஷயம் கடைசியில்தான் வரும். அதை மொழிபெயர்க்கப் போனால் பட்டனை அழுத்திக்கொண்டு திணறுவோம். விஷயத்தை முன்னால் போடுங்கள்: 'ஒன் மேன் அன்கான்ஷியஸ், வாய்ட் டெக், நியர் லிஃப்ட்.' (வாய்ட் டெக் என்றால் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் திறந்தவெளி.) இலக்கணம் பற்றிய கவலையே வேண்டாம். பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்பட்டுவிடும்.

பேசி முடித்துப் பதிலுக்குக் காத்திருந்தால் 'ஓவர்'. பேச்சே முடிந்தால் 'அவுட்'. இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடாது. காதில் விழவில்லையா? 'சே அகெய்ன்' என்று கேளுங்கள். 'ரிபீட்' வேண்டாம், பீரங்கிப் படையில் அதற்கு மறுபடி சுடு என்று பொருள். புரியாமலே 'ரோஜர்' (கேட்டுவிட்டேன்) சொல்வது பெரிய ஆபத்து. எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

தனியாகப் பழகினால் தப்பு தெரியாது. யாரையாவது அடுத்த அறையில் உட்காரவைத்துப் போனில் பத்து நம்பர் பிளேட் சொல்லுங்கள். அவர் எழுதித் திருப்பிப் படிக்கட்டும். போன வாரம் என் அக்கா மகன் சொன்ன பத்தில் நான்கை நான் தப்பாக எழுதினேன். நான்கிலும் பிராவோவை மறந்து 'பி' என்றிருந்தான். நேற்று ஒன்றுதான் தப்பு. இந்த வாரம் எண்களுக்குப் போகிறோம்.