ஜீரோ யூரோ நோட்டைச் சேர்த்து வைக்கலாமா? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

பாரிஸ், ரோம் என்று சுற்றுலா போய் வருபவர்கள் சாவிக்கொத்து, காந்த பொம்மையோடு இப்போது ஊதா நிற நோட்டு ஒன்றையும் வாங்கி வருகிறார்கள். பார்வைக்கு அச்சு அசல் யூரோ. மதிப்பு மட்டும் 0. இதைப் பத்திரமாக வைத்தால் பின்னால் நல்ல விலைக்குப் போகுமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலானவை போகாது. ஆனாலும் வாங்கி வைக்கத் தகுந்தவை அதில் உண்டு. அவற்றைப் பொறுக்கி எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: வெளியிட்டது யார் என்று பாருங்கள்

"நினைவு நோட்டு" என்று விற்கப்படும் எல்லாமே ஒரே ரகம் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டி ஹாங்காங்கில் 20 டாலர் நோட்டு ஒன்று வந்தது. மொத்தம் 40 லட்சம் தாள்கள். அது சட்டப்படி செல்லும் பணம். சேகரிப்பவர்கள் யாரும் சீண்டாவிட்டாலும் அதன் 20 டாலர் எங்கும் போகாது. அடுத்த ரகம், ஓரிடத்தில் மட்டும் செல்வது. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் 1987 முதல் 2016 வரை விற்ற டிஸ்னி டாலர் அப்படிப்பட்டது. மிக்கி மவுஸ் படம் போட்ட அந்த நோட்டைக் கொடுத்து உள்ளே சாப்பிடலாம், பொம்மை வாங்கலாம். விற்பனை நின்றுபோனதால் இனிப் புதிதாக வராது. சேகரிப்பவர்கள் தேடுவதும் அதனால்தான்.

மூன்றாவது ரகம், எங்குமே செல்லாதது. ஜீரோ யூரோ இங்கேதான் வருகிறது.

படி 2: நோட்டை வெளிச்சத்தில் பிடியுங்கள்

ஜீரோ யூரோவை 2015இல் பிரான்சில் தொடங்கியவர் ரிஷார் ஃபாய். வெளியிடுவது தனியார்தான், ஐரோப்பிய மத்திய வங்கி அல்ல. ஆனால் அச்சடிப்பது அசல் யூரோ நோட்டுகளையும் அச்சடிக்கும் ஓபர்தூர் ஃபிதூசியேர் நிறுவனம். நிறம் 500 யூரோவை நினைவுபடுத்தும்; அளவு 135 × 74 மி.மீ. மட்டுமே.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்க்குறி தெரியும், பாதுகாப்பு இழையும் தெரியும். சாய்த்துப் பார்த்தால் ஹோலோகிராம் மின்னும். விரலால் தடவினால் அச்சு மேடாகத் தட்டுப்படும். கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கின் கீழே காட்டினால் சில இடங்கள் ஒளிரும். இதில் எதுவும் இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது யாரோ கலர் பிரிண்டரில் எடுத்தது.

படி 3: எழுத்துகளையும் எண்ணையும் படியுங்கள்

சேகரிப்பின் சுவாரசியமே இங்கேதான் தொடங்குகிறது. நோட்டின் பின்பக்கம் பொதுவான வடிவமைப்பு: ஈஃபில் கோபுரம், கொலோசியம், மோனாலிசா எல்லாம் ஒன்றாக நிற்கும். முன்பக்கம்தான் ஊருக்கு ஊர் மாறும். வரிசை எண்ணுக்கு முன்னால் நான்கு எழுத்துகள் இருக்கும். முதல் இரண்டு நாட்டைக் குறிப்பவை, பிரான்சுக்கு யு.இ, ஜெர்மனிக்கு எக்ஸ்.இ. அடுத்த இரண்டும் அந்த இடத்துக்கானவை. ஆண்டும் பதிப்பு எண்ணும் 2018-1 என்பதுபோல அச்சாகியிருக்கும்.

பிறகு ஆறு இலக்க எண். 000001 போன்ற தொடக்க எண்கள், 111111 போல ஒரே இலக்கம் வருபவை, இவற்றுக்குத் தனி மவுசு. நம்மூரில் 786 தேடுவதைப் போலத்தான். மற்ற எண்கள் எல்லாம் ஒன்றே.

கார்ல் மார்க்ஸின் 200ஆவது பிறந்த ஆண்டான 2018இல் அவர் பிறந்த ட்ரியர் நகரம் அவர் படத்துடன் ஜீரோ யூரோ வெளியிட்டது. விலை 3 யூரோ. வாழ்நாள் முழுக்க முதலாளித்துவத்தை விமர்சித்தவரின் முகத்தைச் செல்லாத பணத்தில் போட்டு விற்ற கூத்தை ஜனம் ரசித்திருக்கிறது. முதலில் வந்த 5,000 தாள்களும் சட்டென்று தீர்ந்தன. அப்புறம் என்ன? மறுபடி அச்சடித்தார்கள். தனியார் வெளியீட்டில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. "தீர்ந்துவிட்டது" என்றதும் பதறி மூன்று மடங்கு விலை கொடுக்காதீர்கள்.

படி 4: கேட்கும் விலையை விடுங்கள், விற்ற விலையைப் பாருங்கள்

இணையத்தில் ஒருவர் 50 யூரோ என்று போட்டிருப்பார். போட யாருக்கும் தடை இல்லை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டினால் உண்மை நிலவரம் தெரியும். அந்த இடத்திலேயே 2, 3 யூரோவுக்குக் கிடைப்பதை அந்த விலைக்கு வாங்குங்கள். அதற்குமேல் கொடுப்பது உங்கள் ஆசைக்கான விலை, முதலீடு அல்ல.

உங்கள் பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று யாராவது ரிசர்வ் வங்கி பெயரைச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அப்படி யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

படி 5: தங்க நோட்டுகளைத் தள்ளி வையுங்கள்

தகதகவென்று மின்னும் "24 காரட்" நோட்டுகள் பிளாஸ்டிக் படலம்தான். கொஞ்சம் தங்கம் பூசியிருந்தாலும் அதைச் சுரண்டி எடுத்து எதுவும் செய்ய முடியாது. ஒரு கட்டு வாங்கிப் பிரித்துப் பாருங்கள்: எல்லாத் தாளிலும் ஒரே வரிசை எண் இருக்கும். எத்தனை லட்சம் வேண்டுமானாலும் அடிக்கலாம். இதில் அதிகம் புழங்குவது ஜிம்பாப்வேயின் 100 டிரில்லியன் டாலர். அசல் நோட்டு 2009இல் வந்தது, காகிதம், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகள் படம். உலக நோட்டுகளைத் தொகுத்த பிக் பட்டியலில் அந்த அசல் நோட்டின் எண் பி-91; விற்பவர்கள் அதையும் போடுவார்கள். விலைவாசி வானத்துக்குப் போன காலத்தின் சாட்சி அது. தங்கப் படலத்தில் வருவது வெறும் அலங்காரம்.

எனக்குப் பிடித்தது இதற்கு நேர் எதிரானது. ஊழலை எதிர்த்து சென்னையில் ஃபிஃப்த் பில்லர் அமைப்பு 2007இல் அச்சிட்டு இலவசமாக விநியோகித்த ஜீரோ ரூபாய் நோட்டு. 50 ரூபாய் நோட்டின் சாயல். லஞ்சம் கொடுக்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன் என்ற உறுதிமொழி. லஞ்சம் கேட்பவர் கையில் கொடுப்பதற்காகவே அடித்தது. ஹோலோகிராம் கிடையாது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு காலகட்டமும் ஒரு காரணமும் இருக்கின்றன. பழைய புத்தகக் கட்டுக்குள் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 6: வைக்கும் முறை

லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். அதோடு அந்த நோட்டின் கதை முடிந்தது. சுருக்கம் போக அயர்ன் போடுவதும், தேதியைப் பேனாவால் எழுதுவதும் அப்படித்தான். சாதாரண பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாராவது வாங்கி வருவதாக இருந்தால் பர்ஸில் மடித்து வைக்க வேண்டாம், கெட்டி அட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் ஒரு மடிப்பு விழுந்தாலே அதை யுஎன்சி, அதாவது புழக்கத்துக்கே வராத புத்தம் புதுத் தாள், என்று சொல்லி விற்க முடியாது.