வறுத்த கோப்பிக்கொட்டையைக் காற்றெடுத்து வைக்கும் முறை

மாத்தளையில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் பச்சைக் கோப்பிக்கொட்டை இரண்டு கிலோ கொண்டுவந்து தருவார். கண்டி பஸ்ஸில் தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் எல்லாம் தாண்டி திருகோணமலைக்கு வந்து சேரும்வரை அந்தக் கொட்டைக்கு ஒன்றும் ஆகாது. உலர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வறுத்த பிறகுதான் சிக்கல் தொடங்கும். உப்புவெளியில் எங்கள் வீட்டுக் குசினிக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு வீடும் ஒரு தென்னந்தோப்பும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேசையில் வைத்த உப்பே தண்ணீர் விடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மழை இல்லை, ஆனால் வெக்கை சேர்ந்துவிடும். இரண்டுமே வறுத்த கொட்டைக்கு ஆகாது.

பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். வறுத்து முடிந்ததும் 2, 3 சதவீதம்தான் மிஞ்சும். அப்படிக் காய்ந்த பொருள் சுற்றியுள்ள ஈரத்தை இழுக்காமல் இருக்காது. அதோடு காற்றிலுள்ள ஒட்சிசன் கொட்டையின் எண்ணெயைப் பழுதாக்கும். பத்து நாள் கழித்துப் போத்தலைத் திறந்தால் பழைய எண்ணெய் வாடை வருவது அதனால்தான்.

வறுப்பது எப்படி என்று இங்கே எழுதப் போவதில்லை. தாச்சியில் வறுத்தாலும் சரி, இயந்திரத்தில் வறுத்தாலும் சரி, இனி சொல்வது பொதுவானது.

தேவையானவை

500 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல் மூன்று. வால்வு வைத்த மூடி மூன்று. காற்றை உறிஞ்சி எடுக்கும் கைப் பம் ஒன்று. அவ்வளவுதான்.

மின்சாரத்தில் ஓடும், பையை ஒட்டும் இயந்திரமும் என்னிடம் இருக்கிறது. ஆனால் தினசரிப் பாவனைக்குக் கைப் பம்தான் என் தெரிவு. 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த காலத்தை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அதோடு பையை ஒருமுறை வெட்டினால் மறுபடி ஒட்ட வேண்டும், பை ஒவ்வொரு தடவையும் குட்டையாகிக்கொண்டே போகும். போத்தலை எத்தனை முறையும் திறந்து மூடலாம்.

மூடி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரும்புத் தகட்டு மூடியும் கம்பிக் கொக்கி வைத்த போத்தலும் இந்தக் கடற்காற்றில் சில மாதத்தில் துருப்பிடித்துவிடும். துரு ரப்பர் வளையத்துக்குக் கீழே போனால் அதற்குப் பிறகு அந்த மூடி காற்றைப் பிடிக்காது. பிளாஸ்டிக் மூடி, அல்லது நல்ல எவர்சில்வர். கடலோரத்தில் இருப்பவர்கள் வேறு எதையும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: வெறும் போத்தலைச் சோதியுங்கள்

கொட்டை போடுவதற்கு முன் வெறும் போத்தலை மூடி, பம் அடித்து, ஓர் இரவு விடுங்கள். காலையில் மூடியை மட்டும் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள், கீழே மற்றக் கை இருக்கட்டும். போத்தலும் சேர்ந்து வந்தால் மூடி நல்லது. இதைச் செய்து வைத்தால் பின்னால் மூடி தளரும்போது காரணம் மூடியா கொட்டையா என்று குழம்ப வேண்டியதில்லை.

படி 2: ஆறவிடுங்கள்

வறுத்ததும் சுளகில் கொட்டி, மின்விசிறிக்கு முன் வைத்துப் புடையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கையில் அள்ளும் சூட்டுக்கு வந்துவிட வேண்டும். தாச்சியிலேயே விட்டால் உள்ளே வறுபட்டுக்கொண்டே இருக்கும். புடைக்கும்போது மெல்லிய தோல் எல்லாம் பறந்துவிடும். இதை வாசலில் செய்யுங்கள், தோல் வீடு முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

படி 3: மூடாமல் காத்திருங்கள்

இந்தப் படியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இரண்டு மாதம் நான் இதில்தான் மாட்டிக்கொண்டு இருந்தேன்.

பையை ஒட்டும் இயந்திரம் வாங்கிய புதிதில், வறுத்து மூன்று மணி நேரத்தில் கொட்டையைப் பையில் போட்டு, காற்றை எடுத்து, ஒட்டி வைத்தேன். பை கல்லுப் போல இறுகி, ஒவ்வொரு கொட்டையின் உருவமும் வெளியே தெரிந்தது. மறுநாள் காலையில் அலுமாரியைத் திறந்தால் பை தலையணை போல உப்பி நிற்கிறது. ஒட்டு சரியில்லை என்று நினைத்து வெட்டி மறுபடி ஒட்டினேன். மறுபடியும் உப்பியது. இரண்டு தடவை ஒட்டிப் பார்த்தேன், வேறு பை வாங்கிப் பார்த்தேன், கடைசியில் இயந்திரத்தை வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். அங்கே அரிசி போட்டு ஒட்டிக் காட்டினார்கள். அது ஒரு கிழமை கழித்தும் இறுகித்தான் இருந்தது.

அப்புறம்தான் அம்மா சைக்கிள் டியூப்புக்குச் செய்வதுபோலச் செய்து பார் என்றார். உப்பிய பையைத் தண்ணீர் நிறைந்த பேசினில் அமுக்கிப் பிடித்தேன். ஒட்டிய ஓரம் முழுக்கப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. காற்று வெளியே இருந்து போகவில்லை என்றால் உள்ளே இருந்துதானே வந்திருக்க வேண்டும்? பையை எடுத்துத் துடைத்து, ஊசியால் ஒரு மூலையில் குத்தி மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். மெல்லிய சீறலோடு வந்தது புதிதாக வறுத்த கோப்பி மணம்.

நடப்பது இதுதான். வறுக்கும்போது கொட்டைக்குள் காபனீரொட்சைட்டு உருவாகி, அதன் நுண்ணிய துளைகளில் அடைபட்டு நிற்கும். வறுத்த முதல் ஒன்றிரண்டு நாளில் அது வேகமாக வெளியே வரும், பிறகு பல நாளுக்கு மெதுவாக வந்துகொண்டிருக்கும். கறுக்க வறுத்த கொட்டையில் துளைகள் பெரிதாக இருப்பதால் வாயு கெதியாக வெளியேறும். இளம் வறுவலில் மெதுவாக. எங்கள் ஊர் வெக்கையில் இரண்டுமே இன்னும் கொஞ்சம் வேகம்.

ஆகவே ஆறிய கொட்டையைப் போத்தலில் போட்டு, மூடியை இறுக்காமல் மேலே வெறுமனே வைத்து, கறுக்க வறுத்ததை 12 மணி நேரமும் நடுத்தரமாக வறுத்ததை ஒரு முழு நாளும் விடுங்கள். திறந்த தட்டில் பரப்பி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிடும். போத்தலுக்குள் வைத்தால் வெளியேறும் வாயுவே மேலே வந்து காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

பை பாவிப்பவர்கள் இதையும் நினைவில் வையுங்கள்: ஒட்டில் ஓட்டை இருந்தால் பை தளர்ந்து தொளதொளவென்று ஆகும், உப்பாது. உப்பினால் அது கொட்டையின் வாயு. எனக்கு இது தெரிந்திருந்தால் ஒரு கிலோ கொட்டை வீணாகியிருக்காது.

படி 4: போத்தலை நிரப்புங்கள்

நடுத்தர வறுவலில் 150 கிராம் கொட்டை 500 மில்லிலீற்றர் போத்தலைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். கழுத்துக்குக் கீழே ஒரு விரல் இடம் போதும். பாதி வெறுமையாக இருக்கும் பெரிய போத்தலை நான் பாவிப்பதே இல்லை, அதில் கொட்டையைவிடக் காற்றுத்தான் அதிகம். போத்தலின் வாயையும் ரப்பர் வளையத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு துண்டுத் தோல் இடையில் மாட்டினாலே காற்று உள்ளே போய்விடும்.

படி 5: பம் அடியுங்கள், மறுநாள் மறுபடி அடியுங்கள்

பம் இறுகும்வரை அடியுங்கள். உள்ளே அமுக்கம் எவ்வளவு குறைந்தது என்று காட்டும் என் பம்மின் மானி 60 கிலோபாஸ்கல் வரை போகும். வெளியே காற்றின் அமுக்கம் சுமார் 101 கிலோபாஸ்கல். அதாவது எவ்வளவு அடித்தாலும் உள்ளே ஐந்தில் இரண்டு பங்கு காற்று மிஞ்சித்தான் இருக்கிறது. முழு வெற்றிடம் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம்.

ஆனால் இங்கே கொட்டையின் வாயு நமக்கு உதவும். மறுநாள் மூடி தளர்ந்திருந்தால் உள்ளே புதிதாகச் சேர்ந்திருப்பது காபனீரொட்சைட்டு, அது எண்ணெயைப் பழுதாக்காது. அதையும் சேர்த்து மறுபடி உறிஞ்சினால் மிஞ்சியிருந்த ஒட்சிசன் இன்னும் குறையும். முதல் தடவை 100இல் 40 மிஞ்சியது என்றால், வாயு போத்தலை நிரப்பிய பிறகு இரண்டாம் தடவை அடிக்கும்போது 16க்கு வந்துவிடும். அதனால் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பம் அடிப்பதை விடாதீர்கள். என்னைப் பொறுத்தவரை முதல் நாள் அடிப்பதைவிட இது முக்கியம்.

படி 6: ஒரு போத்தலை மட்டும் திறவுங்கள்

எங்கள் வீட்டில் நாளுக்கு 30 கிராம் கொட்டை போகும். 500 கிராம் பச்சைக் கொட்டை வறுத்தால் 420 கிராம் அளவில் வரும், இரண்டு கிழமைக்குப் போதும். அதை மூன்று போத்தலாகப் பிரித்து வைத்துக்கொள்வேன். திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுக் காற்று முழுதாக உள்ளே போகிறது, அதனால் ஒன்று முடியும்வரை மற்ற இரண்டையும் தொடுவதில்லை. கண்ணாடி என்றபடியால் அலுமாரிக்குள், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். வெளிச்சமும் சூடும் ஆகாது.

பிரிட்ஜில் வைக்க வேண்டாம். எங்கள் வீடுகளில் பிரிட்ஜ் என்றால் மீன் இல்லாமல் இருக்காது, கோப்பிக்கொட்டை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். நீண்ட நாளைக்கு என்றால் பையில் ஒட்டி ஃபிரீசரில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஓர் இரவு விடுங்கள். குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் எப்படி வியர்க்கிறது? பையை உடனே திறந்தால் அதே தண்ணீர் கொட்டையின் மேல் படியும்.

பிறகு சேர்த்தவை

கருத்துகளில் வந்த மூன்று விடயங்கள்.

மூடியைத் திறக்க முடியவில்லை, கத்தியால் நெம்பினேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். கத்தி வேண்டாம், ரப்பர் வெட்டுப்படும். வால்வின் நடுவில் உள்ள குமிழை நகத்தால் இழுங்கள், சீறல் நின்றதும் மூடி தானாகக் கழன்று வரும்.

மட்டக்களப்பில் இருந்து ஒரு அக்கா, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து அரைத்த கோப்பித்தூளையும் இப்படி வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம், ஆனால் தூளுக்குப் பலன் குறைவு. அரைத்ததும் வாயுவும் மணமும் வெகு சீக்கிரம் போய்விடும். அதோடு பம் அடிக்கும்போது தூள் எழும்பி வால்வில் அடைக்கும். தூளின் மேல் வட்டமாக வெட்டிய வடிகட்டும் தாள் ஒன்றை வைத்துவிட்டு மூடுங்கள் அக்கா. முடிந்தால் கொட்டையாக வைத்து, இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் மல்லியோடு சேர்த்து அரையுங்கள்.

மருந்துப் போத்தலில் வரும் சிறிய பொட்டலத்தைக் கோப்பிக்குள் போட்டால் ஒட்சிசனை எடுக்குமா என்பது மூன்றாவது கேள்வி. மருந்தோடு வருவது பெரும்பாலும் சிலிக்கா, அது ஈரத்தைத்தான் எடுக்கும். ஒட்சிசனை எடுப்பது இரும்புத்தூள் உள்ள வேறு பொட்டலம், அதையும் தினமும் திறக்கும் போத்தலில் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். திறக்காமல் ஃபிரீசரில் வைக்கும் பைக்கு மட்டும் உணவுக்கென்று விற்கும் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள்.